முதல் தண்ணி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மிளகாய் மில்லாம். அந்த மில் வீட்டுக்கு இரண்டு மருமகளாம். இரண்டு பேருக்கும் பொதுவாக அடுப்பிலே ஒரு மண்சட்டியாம். அந்தச் சட்டிக்கு மூக்கு உண்டு, வாய் உண்டு, நடந்ததைச் சொல்ல நாக்கு மட்டும் கிடையாதாம். அதனால் நான் சொல்கிறேன், கேள்.

உட்காரும்மா, நிற்காதே. இந்த பெஞ்சு ஆடும், ஆனால் விழாது. சீன வைத்தியர் இருந்தாரே, சின்சே, அவர் மகன் சாப்பிடப் போயிருக்கிறான். வருகிற வரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டுப் போனான். அவன் அப்பா காலத்திலிருந்து வருகிறேன் இல்லையா, அந்த நம்பிக்கை. உன் மருந்துக் கட்டு அதோ மேசை மேலே இருக்கிறது, ரோஸ் நிறக் காகிதம். எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று பார்க்கிறாய். கூடாது கண்ணு. எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று அவன் வாயால் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சீன மருந்து காய்ச்சுகிற கையில்தான் எல்லாம் இருக்கிறது. அது தெரியாமல்தான் நான் கெட்டேன்.

எத்தனை மாசம்? மூன்றா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே. காலையில் குடித்த தேநீர் வந்துவிட்டதா? வரும், வரும். எனக்குப் பச்சைத் தண்ணீரே வந்தது.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. கொஞ்சம் கிட்ட வந்து உட்கார்ந்துகொள். "சுலோச்சனா பேசினா பக்கத்துத் தலகாணிக்கே கேக்காது" என்பார் என் வீட்டுக்காரர். இந்த ஈப்போ டவுனில் என் சத்தத்தைக் கேட்டதாக ஒருத்தர் சொல்லட்டும் பார்க்கலாம். ஆனால் ஒன்று. சத்தம் போடுகிறவர்கள் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். நான் மறக்கிறதில்லை.

எங்கள் மில் பசார் சந்தைக்குப் பின்னால் இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்போம். அண்ணன் மாசிலாமணியும், தம்பி, அதாவது என் வீட்டுக்காரர் தனபாலனும் சேர்ந்து நடத்தினார்கள். கீழே மில், மேலே வீடு. மாமியார் இல்லாத குடும்பம். மாமியார் இல்லை என்று எங்கம்மா சந்தோஷப்பட்டுக் கட்டிக் கொடுத்தாள். அங்கே வந்து பார்த்தால் மாமியாருக்குப் பதிலாக மூத்தவர் பெண்டாட்டி இருக்கிறாள். பவளக்கொடி. நான் பவளக்கா என்பேன். சாவிக்கொத்து அவள் இடுப்பில், சமையல்கட்டு அவள் கையில். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அவளுக்கு. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. போகாத கோயில் இல்லை. நான் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. யாராவது பேசினால் கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

நான் வந்த சுருக்கில் முழுகாமல் ஆனேன். அவளுக்கு எப்படி இருக்கும்? ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முதலில் சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டவளே அவள்தான். அழுதாள்கூட. நடிப்பில் கெட்டிக்காரி.

பிறகு வந்தது பார் வாந்தி! கீழே மிளகாய் அரைக்கிறார்கள், மேலே நான் சுருண்டு கிடக்கிறேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை, மாத்திரையாகவே வெளியே வந்தது. எங்கம்மா தெலுக் இந்தானிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்துவிட்டுப் போனாள். அதற்கும் கேட்கவில்லை. அப்போதுதான் பவளக்கா என்னைக் கைத்தாங்கலாக இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். இதே பெஞ்சுதான்.

பழைய சின்சே அப்போது இருந்தார். எங்கள் மில் ஆட்களோடு பழகிப் பழகி நல்லாத் தமிழ் பேசுவார். மூன்று விரலால் கையைப் பிடித்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நாக்கு நீட்டு லா" என்றார். நீட்டினேன்.

"பயம் வேணாம். பிள்ளை நல்லாத்தான் ஒக்காந்திருக்கு. வயிறுதான் சண்டை போடுது, நான் ஏன் எடம் குடுக்கணும்னு."

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றாக இழுத்தார். காய்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி, ஏலக்காய்க்கு அண்ணன் மாதிரி ஒரு காய், வைக்கோல் மாதிரி ஏதோ ஒன்று, சிவப்புப் பேரீச்சை. சின்னத் தராசில் நிறுத்துக் காகிதத்தில் கட்டினார். கட்டுக்கு மேலே தனியாக ஒரு சின்னப் பொட்டலம் உலர்ந்த திராட்சை. வாய்க் கசப்புக்கு.

"மூணு கிண்ணம் தண்ணி ஊத்து. ஒரு கிண்ணமா வத்தணும். அதான் முதல் தண்ணி. சக்கையைக் கொட்டிடாதே. மறுபடி தண்ணி ஊத்திக் காய்ச்சு. அது ரெண்டாம் தண்ணி. இரும்புச் சட்டி ஆகாது, மண்சட்டிதான். தெரியுதா?"

"தெரியுது சின்சே" என்றாள் பவளக்கா. நான் எங்கே பதில் சொன்னேன், எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு ஓடிவிட்டேன்.

இந்தக் கடையிலேயே மூக்கு வைத்த மண்சட்டி ஒன்று வாங்கினாள். அன்றைக்கே காய்ச்சினாள். கன்னங்கரேல் என்று இருந்தது முதல் தண்ணி. வாசமே ஒரு மாதிரி, பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். குடித்தேன். குடித்த வேகத்தில் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான். பவளக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, மருந்தும் தங்க மாட்டேங்குதே" என்றாள். அடுத்த நாள் காலையில் தனியாகச் சின்சேயைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த கிண்ணத்தில் தண்ணி வெளுத்திருந்தது. கடைசியில் வடித்த தேநீர் மாதிரி. நான் அப்போது கவனிக்கவில்லை. குடித்தேன், தங்கியது. பிறகு கஞ்சி தங்கியது. ஒரு வாரத்தில் ரசம் சாதம் தங்கியது. எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டேன். சரி, நம் வயிறு பழகிவிட்டது என்று நினைத்தேன். என் உடம்பு வாகு அப்படி, சீக்கிரம் தேறிவிடும்.

இப்போதுதான் கதைக்கு வருகிறேன். யாராவது வருகிறார்களா அந்தப் பக்கம்? இல்லையா? சரி.

ஒரு சாயங்காலம். புளிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும் போல இருந்தது. சமையல்கட்டுக்குப் போனேன். செருப்பில்லாமல் போனேன், சத்தமில்லை. பவளக்கா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சட்டியைத் தூக்கி, அந்தக் கன்னங்கரேல் முதல் தண்ணியைப் பெரிய டம்ளரில் ஊற்றினாள். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை ஒருமுறை பார்த்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். ஒரே மூச்சில். பிறகு அதே சட்டியில், அதே சக்கையில், புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றி அடுப்பில் வைத்தாள். யாருக்கு? எனக்கு!

கேட்டாயா? சத்தெல்லாம் அவளுக்கு. சக்கைத் தண்ணி எனக்கு. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் நான். பிள்ளைக்காரி மருந்தைப் பிள்ளையில்லாதவள் குடிக்கிறாள். உலகத்தில் எங்காவது உண்டா?

குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அந்தக் கையைக் கொண்டுபோய் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு. வலித்திருக்கும். திருட்டு மருந்து குடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

நான் சத்தம் போடவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கிண்ணத்தோடு வந்தாள். "சுலோ, சூடா இருக்கு, ஊதிக் குடி" என்றாள். திராட்சைப் பொட்டலத்தையும் பிரித்து என் கையில் வைத்தாள். ஒரு திராட்சைகூட அவள் எடுக்கவில்லை. பெரிய யோக்கியம்.

இரண்டு நாள் கழித்து, காற்றாட நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு நானே இங்கே வந்தேன். "சின்சே, உங்க கடையிலேயே ரொம்பக் கசப்பான சரக்கு எது?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா உனக்குக் கசப்பு?"

"வீட்டுல கோழிக்குச் சீக்கு."

அவர் சிரித்தார். "கோழி பாவம்மா" என்றார். இழுப்பறையிலிருந்து மஞ்சளாக ஒரு வேரை எடுத்துக் காட்டினார். கோழிக்கால் மாதிரியே கோணிக்கொண்டு இருந்தது. "வோங் லின். நாக்கு நுனியில வெச்சா உச்சந்தலைக்கு ஏறும். நீ தொடாதே, உனக்கு இல்ல" என்றார். எனக்கு எதற்கு? நான் எங்கே தொடப்போகிறேன்? பொடித்து வாங்கவில்லை. சீவல் சீவலாக வாங்கினேன். மற்ற சரக்கோடு கலந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது பார்.

அன்றைக்கு மருந்துக் கட்டுக்குள் ஒரு சீவல் போட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊற்றினாள். முருகனைப் பார்த்தாள். குடித்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தயாராக நிற்கிறேன். ஒன்றும் இல்லை. முகம் சுளிக்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு சீவல். பிறகு ஒரு கைப்பிடி. நான் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன் கண்ணு, காதெல்லாம் கசந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் டம்ளர் டம்ளராகக் குடிக்கிறாள். முகம் சுளிக்கவில்லை! கல்லா அவள்? நாக்கு இல்லையா அவளுக்கு? தெரிந்து குடித்தாளா தெரியாமல் குடித்தாளா என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போனது. ஒரு தடவையாவது தூ என்று துப்பியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அப்போதே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். அவள்தான் விட விடவில்லை.

என் கிண்ணமா? அதே சட்டிதானே, அதுவும் கசந்துதான் வந்தது. நான் குடிப்பேனா? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். திராட்சையை மட்டும் தின்பேன். மறுபடி வாந்தி ஆரம்பித்தது. முன்னைவிட மோசம். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பில் மருந்தேற்றினார்கள். யாரால் வந்தது அது? அவள் கண்ணால் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி எடுக்கிற பேசினைப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளை, எம் பிள்ளை" என்று என் வயிற்றைத் தடவினாள். எம் பிள்ளையாம்! அப்போதே உரிமை கொண்டாடிவிட்டாள் பார்.

ஏன் கண்ணு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா? முகம் ஒரு மாதிரி இருக்கிறதே. இரு, முடித்துவிடுகிறேன். நல்ல இடம் இனிமேல்தான் வருகிறது.

ஏழாம் மாசம் வளைகாப்பு. மில்லைக் கழுவிவிட்டு அங்கேயே வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், தெலுக் இந்தான், பத்து காஜா, எல்லா இடத்திலிருந்தும். சோறு வகை வகையாகக் கிளறியது பவளக்காதான். கிளறி வைத்துவிட்டுப் பின்னால் தூண் ஓரமாக நின்றுகொண்டாள். பிள்ளை பெறாதவள் முன்னால் வர மாட்டாள், வளையல் தொட மாட்டாள். அது அவளுக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வளையல் யார் போடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நான் சொன்னேன்: "பவளக்காதான் போடணும்."

சபையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆளாளுக்கு, "என்ன மனசும்மா இந்தப் பொண்ணுக்கு!" என்றார்கள். எங்கம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பவளக்கா வரமாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். "வாங்கக்கா, நீங்க போட்டாதான் நான் கை நீட்டுவேன்" என்றேன். வந்தாள். என் கன்னத்தில் சந்தனம் வைத்தாள். ஒரு பச்சை வளையலை எடுத்து என் விரலைக் கூட்டிப் பிடித்தாள். அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போது கேட்டேன். சத்தமாக இல்லை. முன்வரிசைக்குக் கேட்டால் போதும் என்கிற அளவுக்கு.

"அக்கா, உங்களுக்கு எத்தனை மாசம்?"

அவளுக்குப் புரியவில்லை. "என்ன சுலோ?"

"இல்ல, முதல் தண்ணியெல்லாம் நீங்கதானே குடிக்கிறீங்க? பிள்ளைக்காரி மருந்தாச்சே. அதான், உங்களுக்கு எத்தனை மாசம்னு கேட்டேன்."

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்தவள். என்ன, என்ன என்று பின்வரிசை கேட்க, முன்வரிசை திரும்பிச் சொல்ல, சிரிப்பு அப்படியே மில் கடைசி வரைக்கும் போனது. "மருந்து குடிச்சா வந்துடுமா?" என்றாள் ஒரு கிழவி. "அரைக்கிற மெஷின்ல போட்டா மாவு வர்ற மாதிரி நெனைச்சிருப்பா" என்றாள் இன்னொருத்தி. நான் சிரிக்கவில்லை. நான் எதற்குச் சிரிக்க வேண்டும்?

இப்போதாவது முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை கண்ணு! அந்தப் பச்சை வளையலை ஏற்றினாள். அடுத்ததை எடுத்தாள். இரண்டு கைக்கும் நிறைய, ஒன்றுகூட உடையாமல், தோல் சிராய்க்காமல், போட்டு முடித்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். பந்தி பரிமாறினாள். எல்லாருக்கும், சிரித்தவர்களுக்கும். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே மூத்தவர் தனிக்குடித்தனம் என்று கிளம்பிவிட்டார், பக்கத்திலிருக்கிற மெங்லெம்புக்கு. சாவிக்கொத்தை என் கட்டில் மேலே வைத்துவிட்டுப் போனாள் பவளக்கா. வீட்டிலிருந்து அவள் எடுத்துப் போனது அந்த மண்சட்டி ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் கால் வீக்கத்துக்கு மருந்து வாங்க வந்தேன். வளைகாப்பில் நடந்தது சின்சே காதுக்கும் போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த முதல் தண்ணி உனக்கு வேணாம்னு சொன்னதே நான்தான். உன் வயிறு தாங்கலை, ரெண்டாம் தண்ணிய மட்டும் குடுன்னேன். முதல் தண்ணிய என்ன பண்றதுன்னு உங்கக்கா கேட்டா. கொட்டிடுன்னேன். கொட்டறதை நான் குடிச்சா எனக்குப் பிள்ளை வருமான்னு கேட்டா. வராது, இது பிள்ளை இருக்கிறவளுக்குன்னு சொன்னேன். அவ கேக்கலை. அவ்வளவுதாம்மா" என்றார்.

பார்த்தாயா? சின்சேயையும் வளைத்துப் போட்டு வைத்திருக்கிறாள். எவ்வளவு ஆழம்!

சரி, கதை அங்கே முடிந்ததா என்றால் முடியவில்லை. எனக்குப் பெண் பிறந்தது. நித்திலா என்று பெயர் வைத்தோம். பவளக்கா போன பிறகு மில்லில் ஆள் போதவில்லை. நான்தான் நிற்க வேண்டியிருந்தது. குழந்தைக்கு மிளகாய் நெடி ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமி நீலமாகப் போகும். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் மோட்டார் சைக்கிளில் வைத்து மெங்லெம்புக்குக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் போய்க் கூட்டி வருவார். நானா கொடுத்தேன்? நான் கொடுக்கவில்லை. அவள்தான் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிற வயசு வந்தும் பிள்ளை அங்கேயேதான். என்னை அம்மா என்று கூப்பிடும், ஆனால் தூக்கத்தில் பெரியம்மா என்று உளறும். முதலில் மருந்தைத் திருடினாள். பிறகு பிள்ளையைத் திருடினாள். நான் கணக்கு வைத்துக்கொள்கிறவள் இல்லை, மறக்காதவள், அவ்வளவுதான்.

இப்போது என் நித்திலா முழுகாமல் இருக்கிறாள். உன்னைப் போலத்தான், அவளுக்கும் எதுவும் தங்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்ப மக வர்றா?" என்று கேட்கிறார்கள். போன் போட்டுக் கூப்பிட்டேன். "மில் வாசம் ஒத்துக்காதும்மா. பெரியம்மா மருந்து காய்ச்சித் தர்றாங்க, இப்பதான் கஞ்சி தங்குது. பிரசவத்தையும் இங்கேயே பாத்துக்கறேனே" என்கிறாள். மில்லை மூடி ரொம்ப நாளாகிறது! சுவரில் இருக்கிற வாசம் போகவில்லையாம். எந்தச் சட்டியில் காய்ச்சுகிறாள் தெரியுமா? அதே மூக்கு வைத்த சட்டி.

மகள் என் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவள் வந்து என் கட்டிலில் படுக்க வேண்டும், என் கையால் குடிக்க வேண்டும். பவளக்கொடி அந்த மெங்லெம்பு வீட்டில் காலிச் சட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். வாரா வாரம் இந்தக் கிழமையில்தான் பவளக்கா வந்து மருந்துக் கட்டை வாங்கிக்கொண்டு போவாள். உன் கட்டுக்குப் பக்கத்தில் பார், அதுதான் நித்திலாவுடையது. பையன் சாப்பிடப் போனான் இல்லையா? அந்த நேரத்தில் பிரித்துக் கொஞ்சம் வோங் லின் போட்டு, பழைய மாதிரியே மடித்து வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? மகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாய் வைப்பாள், தூ என்று துப்புவாள். பெரியம்மா காய்ச்சியது கசக்கிறதே, ஏதோ சரியில்லையே என்று சந்தேகம் வரும். இரண்டு நாள் வாந்தி எடுத்தால் தன்னால் என்னைத் தேடி வருவாள். நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா அவள் உடம்பு? உட்கார். எங்கே எழுந்திருக்கிறாய்? உட்கார் கண்ணு.

அதோ பையன் வந்துவிட்டான். பின்னாலேயே… வந்துவிட்டாள். திரும்பாதே. வெள்ளைத் தலை, நீலப் புடவை. குடையை மடக்குகிறாள். நம்மைப் பார்க்கவில்லை. பேசாமல் இரு.

கட்டை வாங்கிவிட்டாள். இனிமேல் பையில் போடுவாள்.

இல்லையே. ஏன் மேசையில் வைத்துப் பிரிக்கிறாள்? பையன் சிரிக்கிறான். "ஆன்டி எப்பவும் இப்படித்தான், ஒவ்வொண்ணா மோந்து பாக்காம எடுக்க மாட்டாங்க" என்கிறான். எப்பவுமா? ஆரஞ்சுத் தோலை எடுத்துப் பார்க்கிறாள். இஞ்சி. அந்தக் காய். ஐயோ, மஞ்சள் சீவலை எடுத்துவிட்டாள். இன்னொன்று. பொறுக்குகிறாள், ஒன்று விடாமல் பொறுக்கி உள்ளங்கையில் வைக்கிறாள். பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

திரும்பிவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டாள். வருகிறாள்.

கண்ணு, என் பக்கத்திலேயே இரு.

…

போய்விட்டாளா? தெருவைத் தாண்டிவிட்டாளா? நீயும் பக்கத்தில்தானே இருந்தாய். பார்த்தாய்தானே? அந்தக் கைப்பிடியையும் வாயில் போட்டுக்கொண்டாள். என் எதிரே நின்று மென்றாள், வெற்றிலை மெல்லுகிற மாதிரி. உதட்டு ஓரத்தில் மஞ்சளாக வழிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சுளித்தாளா? நீ சொல்லு. ஒரு மயிரிழை சுளித்தாளா?

அப்புறம் என்ன சொன்னாள்? நீயே கேட்டாய். "கசப்பு அப்ப எப்படியோ அப்படியேதான் இருக்கு, சுலோ" என்றாள். அப்படியென்றால் அவளுக்கு அப்போதே தெரியும். ஒவ்வொரு டம்ளரும் தெரிந்தே குடித்திருக்கிறாள்.

அதோடு போனாளா? "நித்திலாவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு வைக்கிறோம். முதல் வளையல் நீதான் போடணும்" என்றாள். "அன்னிக்கு மில்லுக்கு வந்தவங்கள்ல உயிரோட இருக்கறவங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். முன்னாடி வந்து உக்காரு. போட்டு முடிச்சதும் உம் பொண்ணு உங்கூட வர்றதுன்னா வரட்டும், நான் தடுக்க மாட்டேன்."

எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறாளாம். எல்லாரையும்!

நான் வளையலை எடுத்துக்கொண்டு போய் என் மகள் கையைப் பிடிப்பேன். முன்வரிசை பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது இவள் என்ன கேட்பாள்? என்ன கேட்பாள் கண்ணு? மகளுடைய மருந்தில் என்ன போட்டாய் என்று கேட்பாளா? சத்தமாகக் கேட்பாளா, மெதுவாகக் கேட்பாளா? போகாமல் இருந்தால் மகள் வரமாட்டாள். போனால் இவள் கேட்பாள்.

என்ன சொல்கிறாய்? ஒன்றும் கேட்க மாட்டாளா? அதெப்படிக் கேட்காமல் இருப்பாள்? இத்தனை வருஷம் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாளே, அதற்குத்தானே? நானாக இருந்தால் கேட்பேன். யாராக இருந்தாலும் கேட்பார்கள். சும்மா கூப்பிட்டு முதல் வளையல் போடச் சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

எங்கேம்மா எழுந்துவிட்டாய்? பையன் உன்னைத்தான் கூப்பிடுகிறான், எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டுக்கொண்டு போ. கண்ணு, அந்தப் பக்கம் இல்லை, மேசை இந்தப் பக்கம். மருந்தை வாங்காமல் போகிறாயே. வெயிலில் இவ்வளவு வேகமாக நடக்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்காரி. நில்லும்மா.

உன் கட்டை நான் தொடவே இல்லை, கண்ணு.